செட்டரில் எண்ணா மாத்தியும் கூட்டல் ஒட்டிக்கிட்டு வருதே?

பாலக்கோடு_பில்லிங்:
தக்காளி மண்டி எடைச்சீட்டு, ஜாவாஸ்கிரிப்ட். கிளாஸ்ல 'எடை'க்கு கெட்டர் (மதிப்பை எடுத்துக் கொடுக்கிறது), செட்டர் (மதிப்பை வாங்கி வைக்கிறது) ரெண்டும் இருக்கு. செட்டருக்குள்ள நம்பர் ஃபங்ஷன் போட்டுத்தான் சேமிக்கிறேன். சிக்கல் இந்த வரியில:
மொத்தம் = மொத்தம் + (சீட்டு.எடை = பெட்டி.வேல்யூ)
மொத்தம் 120, புது எடை 30. வர்றது 12030! அடுத்த வரியில சீட்டு.எடையைப் பார்த்தா 30, டைப்ஆஃப் நம்பர்னுதான் சொல்லுது. காலி கிரேட் எடையைக் கழிக்கிற வரி மட்டும் ஒழுங்கா வேலை செய்யுது. செட்டர்ல ரிட்டர்ன் போட்டும் பலன் இல்லை.

ஓசூர்_கோடர்:
செட்டர் சரிதான், வரிதான் தப்பு. ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரு அசைன்மென்ட்டோட (சமக்குறி போட்டு மதிப்பு வைக்கிறதோட) மதிப்பு, சமக்குறிக்கு வலப்பக்கம் இருந்தது எதுவோ அதுதான். செட்டர் உள்ளே என்ன மாத்தினாலும் வெளியே தெரியாது, அதோட ரிட்டர்னை யாரும் சீண்டுறதில்லை. இன்புட் பெட்டியோட வேல்யூ, டைப் நம்பர்னு கொடுத்திருந்தாலும், ஸ்ட்ரிங்தான் (எண் இல்லை, வெறும் எழுத்து வரிசை). கூட்டல்ல ஒரு பக்கம் ஸ்ட்ரிங்னா ஒட்டிடும். கழித்தலுக்கு அந்த வேலையே கிடையாது, அதனால எண்ணா மாத்திக்கும். முதல் வரியில எடையை வைங்க, அடுத்த வரியில சீட்டு.எடைன்னு கெட்டர் வழியா வாங்கிக் கூட்டுங்க.

காவேரிப்பட்டணம்_டெவ்:
மேல சொன்னது சரி. ஆனா நம்பர் ஃபங்ஷனை அப்படியே நம்பாதீங்க. பெட்டி காலியா இருந்தா 0 கொடுக்கும், எடை போடாத லோடும் சத்தமில்லாம பில் ஆயிடும். டெக்ஸ்ட் பெட்டியில 1,250னு கமா போட்டு அடிச்சா NaN (எண் அல்ல) வரும். அதுக்குப் பயந்து பார்ஸ்ஃப்ளோட்டுக்குப் போனா இன்னும் மோசம்: கமாவுல நின்னுட்டு 1 கிலோன்னு எடுத்துக்கும். செட்டர்லயே ட்ரிம் பண்ணி (ஓரத்து இடைவெளியை வெட்டி), காலியா இருந்தாலும், எண்ணா மாத்தினதை நம்பர்.ஈஸ்ஃபைனைட் பொய்னு சொன்னாலும் எரர் வீசுங்க.
உள்ளே சேமிக்கிற ஃபீல்டுக்கு ஹேஷ் போட்ட பிரைவேட் பெயர்தானே? செட்டருக்குள்ளயே திஸ்.எடைன்னு எழுதினா தன்னையே கூப்பிட்டு ஸ்டாக் நிரம்பி நிக்கும்.

பாலக்கோடு_பில்லிங்:
ஹேஷ் பெயர்தான். பிரிச்சதும் 150 வந்துடுச்சு, நன்றிங்க. ஆனா சீட்டை ஜேசனா (சேமிக்க, அனுப்ப உதவுற டெக்ஸ்ட் வடிவமா) மாத்தினா வெறும் அடைப்புக்குறிதான் வருது?

ஓசூர்_கோடர்:
கிளாஸ்ல எழுதின கெட்டர் சீட்டுல இல்லாம புரோட்டோடைப்ல (கிளாஸோட எல்லா ஆப்ஜெக்ட்டுக்கும் பொதுவான இடத்துல) உக்காந்திருக்கும், பிரைவேட் ஃபீல்டு ஜேசன் கண்ணுக்கே படாது. டூஜேசன்னு ஒரு மெத்தட் எழுதி எடையை அதுல திருப்பிக் கொடுங்க. மொத்தத்தை லோக்கல் ஸ்டோரேஜ்ல (பிரவுசரோட சேமிப்பிடத்துல) நேரா வெச்சு எடுத்தா அதுவும் ஸ்ட்ரிங்காதான் திரும்பும், அங்கயும் இதே 12030 காத்திருக்கு.