பிஎல்சி பிராண்டு மாற்றம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

வணக்கம். எங்கள் பேக்கிங் இயந்திரத்தில் உள்ள சீமென்ஸ் எஸ்7-300 பிஎல்சிக்கு (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் தொழிலகக் கணினி) பதிலாக மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யூ பொருத்த முடிவு செய்திருக்கிறோம். லேடர் புரோகிராமை (ஏணி போன்ற வரைபடமாக எழுதப்படும் பிஎல்சி நிரல்) புதிதாகவே எழுதிவிடலாம். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் வெப்பநிலை டிரான்ஸ்மிட்டர் தரும் 0–10 வோல்ட் சிக்னல் பழைய பிஎல்சியில் 0 முதல் 27648 வரையிலும், புதியதன் உள்ளமைந்த அனலாக் உள்ளீட்டில் 0 முதல் 4000 வரையிலும் எண்ணாக மாறுவதால், சீலிங் ஹீட்டரின் வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் பிஐடி கட்டுப்பாட்டு மதிப்புகளை அப்படியே எடுத்துப் போட முடியாது. புதியதன் உள்ளீட்டு முகவரிகளும் எட்டடிமான எண்முறையில் எக்ஸ்7-க்கு அடுத்து எக்ஸ்10 என்று தாவுவதால், வயர் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன் (பழைய வரைபடத்தில் பென்சில் திருத்தங்களே அதிகம்). ப்ரொஃபிபஸ் என்ற தொடர்பு வலையமைப்பில் இணைந்துள்ள டிரைவை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) கேட்வே எனும் இடைமாற்றுக் கருவி வைத்துத் தொடரலாமா, அல்லது மாட்பஸ் ஆர்டியூ என்ற வேறொரு தொடர்பு முறை வசதியுள்ள டிரைவாக மாற்றிவிடுவது நல்லதா? இம்மாற்றத்தைச் செய்து பார்த்தவர்கள், பிஐடியை மறுபடி டியூன் செய்த முறையையும் சேர்த்துத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.