பந்தல் கடையின் பெயரில் வந்த செக்கை என் கணக்கில் போட முடியாதா?

பந்தல்காரன்

வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் பந்தல், பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். ஒரு காதுகுத்துக்குப் போட்ட பந்தலுக்கு மீதி 46,500 ரூபாயைச் செக்காகக் கொடுத்தார்கள். தேதி ஜூன் 12. வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு முகூர்த்த வேலைகளில் மறந்துபோனேன். நேற்று, ஆகஸ்ட் 27, எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செக்கில் இருப்பது என் கடையின் பெயர். அது என் அப்பாயியின் பெயர். அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. கணக்கு இருப்பதோ என் பெயரில். செக்கின் பின்னால் "என் கணக்கில் வரவு வைக்கவும்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "இது அக்கவுண்ட் பேயி செக், அந்த அம்மாவை வரச் சொல்லுங்கள்" என்றார். எங்கே போய் அழைத்து வருவது?

என் அப்பா காலத்தில் எண்ணெய்க் கடைக்காரர் கொடுத்த செக்கை அப்படியே பின்னால் கையெழுத்திட்டு மூங்கில்காரரிடம் தள்ளிவிடுவார். அந்த வழக்கத்தையே எடுத்துவிட்டார்களா? ஐந்து பேருக்குக் கூலி பாக்கி நிற்கிறது.

வெள்ளாற்றங்கரை

செக்கின் மேல் மூலையில் குறுக்கே போட்டிருக்கும் இரண்டு கோட்டையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். பணமாகவே தருவார்கள்.

பழைய காசாளர்

ஐயா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோடு போடாத செக்கை வாங்கியவர் கோடு போட்டுக்கொள்ளலாம். போட்ட கோட்டை அவர் எடுக்க முடியாது. அது செக்கைத் திருத்தியதாகும், செக்கே செல்லாமல் போய்விடும்.

34 ஆண்டுகள் கவுண்டரில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் அப்பா செய்தது சட்டப்படி சரி. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் அதற்கு மேலெழுத்து என்று பெயர், இன்றும் இருக்கிறது. "இன்னாருக்குச் செலுத்தவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் பணம் அந்த இன்னாருக்கு. வெறும் கையெழுத்து மட்டும் போட்டால் அந்தச் செக் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு. மூங்கில்காரர் நாணயமானவராக இருந்தது உங்கள் அப்பாவின் அதிர்ஷ்டம்.

உங்கள் செக்கின் சங்கதி வேறு. அக்கவுண்ட் பேயி என்று எழுதிவிட்டால், முகப்பில் உள்ள பெயருக்குரிய கணக்கைத் தவிர வேறு எதிலும் வரவு வைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பின்னால் எத்தனை கையெழுத்து இருந்தாலும் வெறும் மைதான். நாளைக்கு யாராவது உரிமை கேட்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியது வரவு வைத்த வங்கி. இதே போன்ற ஒரு செக்கை முகதாட்சண்யத்துக்காக எடுத்துக்கொண்ட என் சக ஊழியர் ஒருவர் ஓய்வு பெறும் வரை விசாரணைக்கு அலைந்தார். அந்தப் பெண்ணின் பேச்சு கொஞ்சம் குத்தலாக இருந்தாலும் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்.

ஒரே வழி, கொடுத்தவரிடம் போய்ப் புதுச் செக் கேளுங்கள். பாஸ்புக்கில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லுங்கள். புதியது கைக்கு வந்த பிறகு பழையதைக் கொடுங்கள், முன்னால் வேண்டாம். செக்குக்கு ஆயுள் மூன்று மாதம்தான். 2012 ஏப்ரலுக்கு முன்புதான் ஆறு மாதம். செப்டம்பர் நடுவில் உங்கள் கையில் இருப்பது காகிதம்.

சங்கச் செயலர்

கூட்டுறவுக் கடன் சங்க உறுப்பினர் என்றால் 50,000 ரூபாய் வரையிலான அக்கவுண்ட் பேயி செக்கைச் சங்கத்தின் கணக்கு வழியாக வசூலிக்க வங்கிகளுக்கு அனுமதி உண்டே?

பழைய காசாளர்

உண்டு. ஆனால் செக்கில் பெயர் உள்ளவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். இங்கே பெயர் அப்பாயியுடையது.

பந்தல்காரரே, அவசரத்துக்குக் கோடு போடாத பேரர் செக், அதாவது கொண்டுவருபவருக்குப் பணம் தரும் செக், கேட்காதீர்கள். கிளையில் பின்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணம் தருவார்கள் என்பது உண்மைதான். அந்தக் கையெழுத்து வெறும் ரசீது. அந்தச் செக் பேருந்து நிலையத்தில் விழுந்தால் எடுத்தவனும் அதே ரசீதைப் போட்டுப் பணம் வாங்கிவிடுவான். கடைப் பெயரிலேயே செக் வந்துகொண்டிருக்கும் என்றால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்து அந்தப் பெயரில் நடப்புக் கணக்கு திறந்துவிடுங்கள். கடை நடப்பதற்குப் பொதுவாக இரண்டு சான்று கேட்பார்கள்.

பந்தல்காரன்

காசாளர் ஐயாவுக்கு நன்றி. நேரில் போனேன். முகம் சுளிக்காமல் புதுச் செக் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பாஸ்புக்கோடு ஒப்பிட்டால் இனிஷியலைக் காணோம். திரும்பப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, பாஸ்புக்கை விரித்துக் காட்டி மூன்றாவது செக்கை வாங்கி வந்தேன். இன்று காலை போட்டேன், மாலையே வரவாகிவிட்டது. கூலிக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.