முத்துலட்சுமி ரெட்டி பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும், அந்த "முதல் பெண்" லிஸ்ட் இல்லாம என்ன சொல்லலாம்?

கமலி_சிஸ்டர்:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸ். ஜூலை 30 மருத்துவமனை தினம் வருதுல்ல, முத்துலட்சுமி ரெட்டி அம்மா பொறந்த நாள், எங்க டாக்டரம்மா "கமலி நீதான் பேசுற, அஞ்சு நிமிஷம்"னு சொல்லிட்டு போயிட்டாங்க. நெட்ல தேடிப் பார்த்தா எல்லா இடத்துலயும் ஒரே லிஸ்ட்தான். முதல் பெண் அது, முதல் பெண் இதுன்னு வரிசையா படிச்சா எனக்கே கொட்டாவி வருது, செக்கப்புக்கு வந்து பெஞ்சுல உக்காந்திருக்குற மாசமா இருக்குற பொண்ணுங்க எங்க கேக்கப் போறாங்க. அவங்களுக்கு இந்த பேர் தெரியும், ஆனா ஆளா தெரியாது. "சிஸ்டர், முத்துலட்சுமி பணம் ரெண்டாவது தவணை ஏறலையே"னு தினம் நாலு பேராவது பாஸ்புக்கை நீட்டிக்கிட்டு வருவாங்க. அந்த 18,000 ரூபாய் பிரசவ உதவித் திட்டத்தோட பேர்ல இருக்குறது நிஜமாவே வாழ்ந்த ஒரு அம்மானு ஒருத்தருக்கும் தோணுறதில்ல. போன வாரம் ஒரு பொண்ணு "அவங்க எம்எல்ஏ-வா சிஸ்டர்"னு கேட்டுச்சு (யோசிச்சா அதுவும் பாதி சரிதான்!). வீட்டுல எப்படி இருந்தாங்க, ஏன் இதையெல்லாம் செஞ்சாங்க, அந்த மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

பழையகாகிதம்:
சிஸ்டர், லிஸ்ட்டை தூக்கிப் போட்டுட்டு அவங்க வீட்டுல இருந்து ஆரம்பிங்க. அவங்க வெளியில செஞ்ச எதை எடுத்தாலும் பின்னாடி வீட்டு ஆள் ஒருத்தர் இருப்பாங்க.

1886-ல புதுக்கோட்டையில பொறந்தாங்க. அப்பா நாராயணசாமி ஐயர் படிச்ச மனுஷன், காலேஜ் பிரின்சிபால். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்துல பொறந்தவங்க. அந்தக் காலத்துல இப்படி ஒரு வீட்டுப் பிள்ளைனா ஊர் என்னல்லாம் பேசியிருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆம்பளைப் பசங்க காலேஜ்ல இந்தப் பொண்ணை சேர்க்க மகாராஜாவே உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. அப்புறம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ், 1912-ல டாக்டர். 1926 கடைசியில மெட்ராஸ் மாகாண சட்டசபைக்கு நியமிச்சாங்க, துணைத் தலைவராவும் ஆனாங்க. அங்க போய் முதல் வேலையா கையில எடுத்ததுல ஒண்ணு எது தெரியுமா, தன் அம்மா பொறந்த குலத்துப் பொண்ணுங்களுக்கு பொட்டு கட்டி கோயிலுக்கு நேர்ந்து விடுற வழக்கத்தை நிறுத்துறது.

இதுல ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. கோயில் ஊழியத்துக்குனு அந்தப் பொண்ணுங்களுக்கு மானிய நிலம் இருந்துச்சு, ஊழியத்தை விட்டா நிலமும் போச்சு. வயித்துப் பாட்டை வச்சு கட்டிப் போட்டிருந்தாங்க. 1929-ல வந்த சட்டம் மொதல்ல அந்த முடிச்சைத்தான் அவுத்துச்சு, ஊழியம் செய்யலைன்னாலும் நிலம் அவங்களுக்கேனு ஆச்சு. பொட்டு கட்டுறதே குத்தம்னு மாகாணம் முழுக்க சட்டம் வர்றதுக்கு 1947 ஆயிடுச்சு. இடையில காந்தியை கைது பண்ணதுக்கு எதிர்ப்பு தெரிவிச்சு 1930-ல பதவியையே ராஜினாமா பண்ணிட்டாங்க, அதனால கடைசி சட்டம் வரும்போது இவங்க சபையில இல்ல.

அப்புறம் தங்கச்சி. 1923-ல கேன்சர்ல போயிட்டாங்க. அக்கா டாக்டர், ஆனாலும் ஒண்ணும் பண்ண முடியல. அதுக்கப்புறம் இவங்க முயற்சியில வந்த அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கு நேரு அடிக்கல் நாட்டுனது 1952, ஆஸ்பத்திரி திறந்தது 1954, அதுவும் வெறும் 12 படுக்கையோட. கணக்கு போட்டுப் பாருங்க, 31 வருஷம். தங்கச்சி போனப்ப இவங்களுக்கு வயசு 36, 37தான் இருக்கும், ஆஸ்பத்திரி திறந்தப்ப 68-ஐ நெருங்கிட்டாங்க. நம்ம வீட்டுல ஒரு சாவு நடந்தா ஒரு வருஷம் திதி கொடுத்துட்டு நம்ம வேலையைப் பார்க்கப் போயிடுவோம்.

மாடிவீட்டுமுருகன்:
யப்பா, 31 வருஷமா. இது எனக்கு தெரியாது. சிஸ்டர் இதை மட்டும் சொன்னாலே போதும், மிச்ச நேரத்துக்கு டீ கொடுத்துருங்க.

சுபத்ரா_மதியம்:
ஒரே ஒரு வேண்டுகோள் கமலி. "குடும்பத்துக்காக தன்னையே உருக்கிக்கிட்ட தியாகச்சுடர்"னு மட்டும் பேசிடாதீங்க, எந்தப் பொம்பளையைப் பத்தி பேசினாலும் மைக் புடிச்சதும் அந்த மெழுகுவர்த்தி வந்துருது, எங்க அம்மா இரங்கல் கூட்டத்துலயும் வந்துச்சு, அவங்க உருகுற ஆளே கிடையாது, எங்களைத்தான் உருக்குவாங்க.

இந்தம்மாவும் அப்படித்தான். கல்யாணம் 1914-ல, வயசு 27, அந்தக் காலத்துக்கு அது ரொம்ப ரொம்ப லேட். மாப்பிள்ளை சுந்தர ரெட்டியும் டாக்டர்தான். என்னை சமமா மதிக்கணும், என் விருப்பத்துக்கு குறுக்க வரக் கூடாதுனு முன்னாடியே பேசி, ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் கல்யாணம். ரெண்டு பையன். அதுல கிருஷ்ணமூர்த்தி சர்ஜனாகி அதே கேன்சர் இன்ஸ்டிட்யூட்லயே கடைசி வரைக்கும் இருந்துட்டார். டாக்டர் சாந்தா அம்மாவை எல்லாருக்கும் தெரியும்ல, அவங்க 1955-ல வந்து சேர்ந்து இவரோட சேர்ந்து வளர்த்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. அம்மா ஆரம்பிச்சாங்க, புள்ள எடுத்து நடத்துனார். இதுல யார் குடும்பத்தைப் பார்த்தா, யார் ஊரைப் பார்த்தானு எங்க கோடு போடுவீங்க?

ஆதரவில்லாத பொண்ணுங்களுக்காக இவங்க ஆரம்பிச்ச அவ்வை இல்லமும் அதே கதைதான். பொட்டு கட்டுறதுல இருந்து தப்பிச்சு வந்த பொண்ணுங்களை எந்த ஹாஸ்டல்லயும் சேர்த்துக்கல. இவங்க தன் வீட்டுக்குள்ளயே கூட்டிட்டு வந்து தங்க வச்சாங்க, இல்லம்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

வடக்குத்தெரு:
நல்லா சொல்றீங்க எல்லாரும், ஆனா ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல வேணாமே. அந்த மசோதாவை தேவதாசி சங்கங்களே எதிர்த்து மனு கொடுத்திருக்காங்க. பாட்டு, ஆட்டம், சொத்து எல்லாம் கையில வச்சிருந்த பொம்பளைங்க, எங்களைக் கேக்காம எங்களைப் பத்தி முடிவு பண்றீங்களேனு கோவப்பட்டாங்க, அதுல நியாயமே இல்லைனு என்னால சொல்ல முடியாது. அதே நேரம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கைக்குள்ள இருந்தே வெளிய வந்து ஊர் ஊரா போய் இதை எதிர்த்துப் பேசுனவங்க. முத்துலட்சுமி ரெட்டி சபைக்குள்ள, இவங்க தெருவுல. ரெண்டு பேர் பேரும் கடைசியில அரசாங்கத் திட்டத்துலதான் வந்து நிக்குது பாருங்க, ஒண்ணு பிரசவத்துக்கு, இன்னொண்ணு காலேஜ் பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம்.

பழையகாகிதம்:
@வடக்குத்தெரு சரிதான், நான் அதை விட்டிருக்கக் கூடாது. ஆனா அஞ்சு நிமிஷத்துல அவ்வளவும் அடங்காதுங்க.

கமலி_சிஸ்டர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நைட் டூட்டியில உக்காந்து படிச்சேன். தங்கச்சியில இருந்து ஆரம்பிக்கப் போறேன், முடிவு பண்ணிட்டேன். எங்க ஓபி-ல மார்புல கட்டியை வச்சுக்கிட்டு ஆறு மாசம் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டு வர்ற அம்மாக்களை நான் பார்க்குறேன், கேட்டா "வீட்டு வேலை முடியட்டும்னு இருந்தேன் சிஸ்டர்"னு சொல்லுவாங்க. அவங்ககிட்ட மெழுகுவர்த்தியைப் பத்தி பேச எனக்கும் மனசு வராது சுபத்ராக்கா. முருகன் அண்ணா, டீக்கு டாக்டரம்மா ஒத்துக்கிட்டாங்க. அன்னைக்கு பேச்சு முடிஞ்சதும் கையோட எல்லாருக்கும் மார்பக பரிசோதனை வச்சுக்கலாம்னு கேட்டிருக்கேன், மறைப்புக்கு வைக்கிற ஸ்கிரீன் ஒண்ணுதான் இருக்கு, இன்னொண்ணு பக்கத்து சப்-சென்டர்ல இருந்து வாங்கணும்.