வாசக் கொடியில துணி போடாதீங்க

குழு: கடலூர் வீடு 🌿
ஞாயிறு

[காலை 7:42] அம்மா: யாரும் வாசக் கொடியில துணி போடாதீங்க

[7:43] அண்ணா: அம்மா நான் துபாய்ல இருக்கேன்

[7:43] நான்: நான் சென்னைல 😄

[7:44] அம்மா: உங்கப்பாவுக்குத்தான் சொல்றேன். வாயால சொன்னா காதுல ஏறல

[7:44] அப்பா: ஏறிச்சு.

[7:46] அம்மா: கொடியில தேன் சீட்டு கட்டிடுச்சு

[7:47] மாமா: எவ்ளோ சீட்டுக்கா? மாசம் எவ்ளோ? நானும் ஒண்ணு சேர்றேன்

[7:47] அண்ணி: அத்தை சீட்டெல்லாம் யாரையும் நம்பிக் கட்டாதீங்க. இப்ப நிறைய ஏமாத்தறாங்க

[7:49] அம்மா: ஐயோ. பேசினா அதுவே தப்பா அடிக்குது. தேன்சிட்டு. தேன் சிட்டு. குருவி. கூடு கட்டியிருக்கு

[7:50] நான்: 😂😂 போட்டோ போடும்மா

[7:52] அம்மா: 📷 புகைப்படம்

[7:52] நான்: அம்மா இது அப்பாவோட கட்டைவிரல்

[7:58] அம்மா: கிட்டப் போனா பறந்துடுது. சொல்றேன் கேளு. கொடி மூலையில திரும்புற இடத்துல ஒரு பழைய கிளிப்பு மாட்டியே கிடந்துதே, அதுல இருந்து தொங்குது. நம்ம சுரைக்காய்ப் பிஞ்சு அளவுதான். சிலந்தி நூலைக் கொண்டாந்து சுத்திச் சுத்தி, அதுல காஞ்ச எல, மரப்பட்டை, தென்னை நார்னு ஒட்டி வெச்சிருக்கு. பக்கத்துல ஒரு ஓட்டை. ஓட்டைக்கு மேல சின்னதா தாழ்வாரம் வேற இறக்கியிருக்கு, மழை அடிக்காம. நம்ம வீட்டுக்கே அது இல்ல

[7:59] அப்பா: முழுசா சொல்லு. காலண்டர் விஷயம்.

[8:01] அம்மா: ஆமா. உங்கப்பா தெனம் காலண்டர்ல தாளைக் கிழிச்சு குப்பைக் கூடைல போடாம திண்ணைலயே விட்டுடுவாரு. அதுல ஒரு துண்டைக் கிழிச்சுட்டுப் போயி கூட்டுல சொருகியிருக்கு. நாற்காலி போட்டு ஏறிப் பாத்தேன். 3.00 - 4.30 ராகுன்னு எழுத்து தெரியுது

[8:02] மாமா: அப்ப செவ்வாய்க்கிழமை தாள்க்கா

[8:02] நான்: மாமா உடனே கண்டுபுடிச்சுட்டாரு

[8:03] மாமா: ராகு காலம் எழுதி வெச்ச வீட்ல குடி போயிருக்கு. தைரியசாலி

[8:05] அப்பா: எல்லாம் சரி. நாளைக்கு பெயிண்டர் வர்றாரு. ரெண்டாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாச்சு. சித்திரை ஒண்ணுக்குள்ள முன்பக்கம் முடிக்கணும்னு இவதான் ஒத்தக் கால்ல நின்னா.

[8:06] அம்மா: இப்ப ரெண்டு கால்லயும் நிக்கிறேன். வேணாம்

[8:08] நான்: அப்பா முட்டை பொரிய ரெண்டு வாரம் ஆகும். அப்புறம் குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு ரெண்டரை வாரம். பெரும்பாலும் ரெண்டு முட்டைதான் வெக்கும்

[8:09] அப்பா: அப்ப கத்திரி வெயில்லதான் பெயிண்ட்.

[8:10] நான்: திருப்பாதிரிப்புலியூருக்குப் பேரே ஒரு மரத்தாலதான் வந்துச்சு. நம்ம வீட்டுக்கு தேன்சிட்டு வீடுன்னு பேர் வந்துட்டுப் போகட்டும்

[8:11] அப்பா: வரும். பெயிண்ட் அடிக்காத வீடுன்னு வரும்.

[8:30] சித்தி புதுச்சேரி: இப்பதான் பாக்கறேன். அக்கா வேப்பம்பூ எடுத்தியா? இங்க லாஸ்பேட்டைல எங்க தெரு மரத்தை ரோட்டுக்குன்னு போன வருஷமே வெட்டிட்டாங்க

[8:36] அம்மா: ராத்திரியே மரத்தடியில பழைய வாயில் புடவையை விரிச்சுட்டேன்டி. காலைல நாலு மூலையும் சேத்துத் தூக்கினா ரெண்டு கை பூ. அதுல பாதி எறும்பு. முறத்துல போட்டுப் புடைச்சு, காம்பெல்லாம் பொறுக்கிட்டு நிழல்ல போட்டிருக்கேன். காஞ்சா சுருங்கிப் போவும். இன்னும் நாலு நாள் விரிச்சாதான் உனக்கும் சேத்துத் தேறும்

[8:37] அண்ணி: அத்தை போன தடவ நான் வெச்ச ரசம் விஷம் மாதிரி கசந்துச்சு. உங்க புள்ள வாயே தொறக்கல

[8:38] அண்ணா: தொறந்தா கசக்குமே

[8:41] அம்மா: கூடப் போட்டு கொதிக்க விட்டிருப்ப. அப்படி விட்டா கசப்பு மொத்தமா எறங்கிடும். ரசத்தை எறக்கி வெச்சுட்டு, அப்புறமா நெய்யில பூவை வறு. காப்பிப்பொடி நெறம் வரணும், கருகக் கூடாது. மேல கொட்டி உடனே மூடிடு. திறக்கும்போது வாசனை வரும் பாரு

[8:45] சித்தி புதுச்சேரி: அரவிந்தர் ஆசிரமத்துல அன்னை ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பேர் வெச்சிருக்காங்கக்கா. துளசிக்கு பக்தி, மல்லிக்கு தூய்மைன்னு. வேப்பம்பூவுக்குக் கூட ஆன்மிகச் சூழல்னு ஏதோ வரும்

[8:46] அப்பா: எங்க வீட்ல வேப்பம்பூவுக்குப் பேர் ‘வாசலை இன்னொரு தடவ பெருக்கு’.

[8:46] மாமா: 😂 மாமா ஃபார்ம்ல இருக்காரு

[8:47] சித்தி புதுச்சேரி: மல்லின்னதும் ஞாபகம் வருது. என் பதியன் என்னாச்சு?

[8:55] அம்மா: அதைச் சொல்லத்தான் இருந்தேன். பூத்துடுச்சு. மொத்தம் 37 மொட்டு. எண்ணினேன்

[8:55] சித்தி புதுச்சேரி: நெஜமாவா!!!

[8:56] அண்ணி: எந்தப் பதியன்?

[9:04] நான்: அண்ணி உங்களுக்குத் தெரியாதுல்ல. 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்துச்சே, புதுச்சேரில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அப்ப நம்ம கொல்லைலயும் நாலு நாள் தண்ணி நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு பாத்தா மல்லிக்கு வேர் அழுகிப் போயிருந்துச்சு. எல மஞ்சளாகி ஒரே வாரத்துல குச்சியா நின்னுச்சு. அம்மா புடுங்கவே விடல. தைப்பொங்கல் வரைக்கும் குச்சிக்குத் தண்ணி ஊத்துனாங்க

[9:05] அம்மா: பொங்கல் வரைக்கும் இல்ல. மாசி வரைக்கும்

[9:07] நான்: அப்புறம் சித்தி அவங்க வீட்டுக் கொடியை வளைச்சு மண்ணுல புதைச்சு, வேர் விட்டப்புறம் வெட்டிக் கொண்டாந்தாங்க. பஸ்ல மடியிலயே வெச்சுக்கிட்டு

[9:08] சித்தி புதுச்சேரி: கண்டக்டர் அதுக்கு டிக்கெட் கேட்டாரு. அதை விட்டுட்டியே

[9:20] சித்தி புதுச்சேரி: 🎤 குரல் பதிவு 0:41

[9:22] சித்தி புதுச்சேரி: ஆயா பேசுது. யாருக்கும் புரியாது, நானே எழுதறேன். “அது உன் செடி இல்லடி, என் செடி. உனக்குக் கல்யாணம் ஆகிப் போனப்ப நான்தான் கடலூர்ல இருந்து பதியன் போட்டுக் கொடுத்தேன். போன செடிதான் திரும்பி வந்திருக்கு. மார்கழியில கவாத்து பண்ணாளா இல்லியான்னு பெரியவளைக் கேளு. பண்ணலன்னா எலையா வரும், பூ வராது.”

[9:24] அம்மா: பண்ணினேன்னு சொல்லுடி. முழங்கால் ஒசரத்துக்கு ஒட்ட வெட்டினேன். இவரு பாத்துட்டு செத்துப் போச்சுன்னாரு

[9:24] அப்பா: யாரு பாத்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க.

[9:26] மாமா: அக்கா பலாவும் பிஞ்சு விட்டிருக்கு. 2011ல தானே புயல் சாச்சுப் போட்ட மரத்தோட கொட்டைல வந்த கன்னுதான். அடிமரத்துல பதினோரு பிஞ்சு. சின்னதா ரெண்டு எடுத்துட்டு புதன்கிழமை வர்றேன்

[9:27] அம்மா: வா தம்பி. தேங்காய் மட்டும் வாங்கிட்டு வா. வாசல் வழியா வராத, பின்பக்கமா வா

[9:27] மாமா: குருவிக்காக நான் கொல்லைப்புறமா வரணுமா

[9:28] அம்மா: ஆமா

[மதியம் 12:50] அப்பா: பெயிண்டர்கிட்ட பேசிட்டேன். முதல்ல உள் ரூம் ரெண்டும். முன்பக்கம் அப்புறம். அவரு வீட்ல டியூப்லைட்டுக்குப் பின்னாடி சிட்டுக்குருவி கட்டியிருக்காம். ஒரு மணி நேரம் அதைப் பத்தியே பேசினாரு.

[12:51] அம்மா: உள் ரூமுக்குச் சந்தன கலரு. பச்சை வேணாம்

[12:51] அப்பா: பச்சைன்னு சொல்லிட்டேன்.

[12:52] அம்மா: போன் பண்ணுங்க

[மாலை 5:15] சித்தி புதுச்சேரி: அக்கா நீ கொடுத்துவிட்ட மல்லியை உங்க பக்கத்து வீட்டு அக்கா கொண்டாந்து கொடுத்துட்டாங்க. வாழையிலைப் பொட்டலம். ஈரத்துணி காயவே இல்ல. மொட்டு இன்னும் விரியல

[5:16] அம்மா: 30 இருக்கும். ஏழு சாமிக்கு வெச்சுட்டேன்

[5:31] சித்தி புதுச்சேரி: 📷 புகைப்படம்

[5:32] நான்: ஆயா எவ்ளோ நெருக்கமா கட்டியிருக்கு! கண்ணு தெரியாமயே

[5:33] சித்தி புதுச்சேரி: நாரை நனைச்சுக் கொடுக்கலன்னு என்னைத் திட்டிக்கிட்டே கட்டுச்சு. விரல்கடை அளவு வந்துச்சு. தலையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. டிவி போடச் சொல்லுது

[6:40] அம்மா: வாசல் லைட் போடாதீங்க. அது உள்ள போய் உக்காந்துடுச்சு. மூக்கு மட்டும் வெளில தெரியுது

[6:41] அப்பா: இருட்டுலதான் உக்காந்திருக்கேன்.

[6:55] அம்மா: ஏங்க, தூறுது. மாடியில துணி

[6:55] அப்பா: கீழ கொடி இருந்த காலத்துல இதெல்லாம் இல்ல.

[6:56] அம்மா: போர்வை ரெண்டும் அங்கதான் இருக்கு

[6:56] அப்பா: ஏறிட்டேன்.