தனித்தீர்வை, பொதுத்தீர்வை, நவம்பர் மாதச் செபம்: எது எப்போது, யாருக்கு?

கொட்டாஞ்சேனை வாசகி:

கொழும்பில் ஒரே வீட்டுக்குள் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் இருக்கிற குடும்பங்கள் கனக்க. செத்தவீடு முடிந்த கையோடு இந்தக் கதை வந்துவிடும். ஒரு பக்கத்தார் 31ஆம் நாள் பூசைக்குப் பெயர் கொடுக்கக் கேட்பார்கள். மற்றப் பக்கத்தார், ‘அவர் அப்பவே ஆண்டவரிட்டப் போயிட்டார், பிறகென்னத்துக்குச் செபம்?’ என்பார்கள். இரண்டு பக்கமும் அன்பால்தான் சொல்கிறார்கள், ஆனால் துக்க வீட்டில் அது புண்ணாகிவிடுகிறது.

தீர்வை (கடவுளின் தீர்ப்பு) செத்த உடனேயா, உலக முடிவிலா? இரண்டும் என்றால் இரண்டாவது எதற்கு? உத்தரிக்கிற ஸ்தலம் (மரித்தபின் ஆன்மா தூய்மை பெறுகிற நிலை) என்பது திருந்துவதற்கு இன்னொரு வாய்ப்போ? நவம்பரில் சேமக்காலைக்குப் போய்ப் பெறுகிற பரிபூரண பலனுக்கு (மன்னித்த பாவத்துக்கு மிஞ்சுகிற தண்டனை முழுதும் நீங்குவது) சரியாக என்னென்ன செய்யவேண்டும், எங்கே பிழைத்துப்போகும்? வேதவசன இலக்கத்தோடு சொன்னால் வீட்டில் எடுத்துக் காட்டலாம்.

மறையாசிரியர்:

தங்கச்சி, ‘தீர்வை’ என்ற ஒரே சொல்லை இரண்டு காரியத்துக்கு வழங்குவதால் வந்த குழப்பம் இது.

தனித்தீர்வை உயிர் பிரிந்த அந்தக் கணத்திலேயே நடக்கிறது (கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு 1021, 1022, எபிரெயர் 9:27). நேரே மோட்சம், தூய்மை பெற்று மோட்சம், அல்லது நரகம். மூன்றில் ஒன்று அங்கேயே முடிவாகிறது. முடிவு தெரியாமல் காத்திருக்கிற ஒரு நாலாவது நிலை இல்லை. இந்தக் கேள்வியில் பாப்பரசரே தடுமாறியதுண்டு. 1331இல் 22ஆம் அருளப்பர், புனிதர்கள்கூடப் பொதுத்தீர்வை வரைக்கும் கடவுளை முகமுகமாய்க் காணமாட்டார்கள் என்று பிரசங்கித்தார். பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. 1334இல் சாகுமுன் அதை மாற்றிக்கொண்டார். அவருக்குப் பின் வந்த 12ஆம் ஆசீர்வாதப்பர் 1336இல் அதிகாரபூர்வமாகத் தீர்த்துவைத்தார்: தூய்மையான ஆன்மா பொதுத்தீர்வைக்கு முன்பே கடவுளைக் காண்கிறது.

அப்படியானால் பொதுத்தீர்வை எதற்கு? அது மேன்முறையீடு அல்ல. முதல் தீர்ப்பு மாறாது. இரண்டு காரணம் உண்டு. ஒன்று, செய்தது உடலும் ஆன்மாவுமான முழு மனிதன். உடல் உயிர்த்தெழுந்த பிறகே முழு மனிதன் நிற்கிறான் (யோவான் 5:28-29). மற்றது, ஒருவருடைய செயல் அவர் சாவோடு நிற்பதில்லை. கள்ள உறுதி முடித்துக் காணி பிடித்தவர் போய்விடுவார். அந்தக் காணியால் பிரிந்த குடும்பம் பேரப்பிள்ளை காலத்திலும் பிரிந்தே இருக்கும். யாரோ ஒரு ஆசிரியை எழுத்தறிவித்த பிள்ளை நாற்பது வருஷம் கழித்து இன்னொருவரைத் தூக்கிவிடும். நன்மையும் தீமையும் கடைசிக் கிளை வரைக்கும் வெளிப்படுகிற நாள் அது (ஏடு 1039, மத்தேயு 25:31-46).

உத்தரிக்கிற ஸ்தலம் இன்னொரு வாய்ப்பு இல்லவே இல்லை. அருள்நிலையில், அதாவது கடவுளின் நட்பில், மரித்தவருக்கு மட்டுமே அது. அங்கே போன ஒருவரும் நரகத்துக்குப் போவதில்லை (ஏடு 1030, 1031). மன்னிப்புக் கிடைத்த பிறகு தூய்மை எதற்கு என்று கேட்பார்கள். களவெடுத்தவனை வீட்டுக்காரர் மன்னித்துவிட்டார் என்று வையுங்கள். எடுத்த நகையைத் திருப்பிக் கொடுக்கிற கடமை மிச்சம் இருக்கிறது. களவெடுத்துப் பழகிய மனமும் மிச்சம். குற்றம் நீங்கினாலும் இவை மிஞ்சுகின்றன என்பதே போதனை (ஏடு 1472).

லியோன் 1274, புளோரன்ஸ் 1439, திரிதெந்து 1563 ஆகிய திருச்சபைப் பொதுச்சங்கங்கள் தூய்மை உண்டு, நம் செபம் உதவும் என்ற இரண்டையும் போதித்தன. அங்கே எரிவது நெருப்பா, எத்தனை காலம் என்றெல்லாம் அவை வரையறுக்கவில்லை. பழைய செபப்புத்தகங்களில் ‘300 நாள் பலன்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, அங்கே 300 நாள் குறையும் என்று கனபேர் நினைக்கிறார்கள். பிழை. ஆதித் திருச்சபையில் பாவிக்கு விதித்த வெளித்தவத்தின் நாட்கணக்கு அது. பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் 1967இல் அந்தக் கணக்கையே எடுத்துவிட்டார்.

வெள்ளவத்தை உபதேசியார்:

மெதடிஸ்தப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். ‘அப்பவே போயிட்டார்’ என்பதற்கு ஆதாரம் லூக்கா 23:43, பிலிப்பியர் 1:23, 2 கொரிந்தியர் 5:8. ஆனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எங்கள் சபையும் சொல்வதில்லை. உயிர்த்தெழுதல் இன்னும் வரவேண்டியிருக்கிறது (1 தெசலோனிக்கேயர் 4:13-17). ‘விசுவாசிக்கு நியாயத்தீர்ப்பே கிடையாது’ என்று சாவீட்டில் சொல்வதும் அரைகுறை. ரோமர் 8:1 ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்கிறது. 2 கொரிந்தியர் 5:10 நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் வெளிப்படவேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

எங்கே உண்மையாக வேறுபடுகிறோம்? மரித்தோருக்காகப் பலியிட்டதைச் சொல்லும் 2 மக்கபேயர் 12:43-46 எங்கள் வேதாகமத்தில் இல்லை. அதனால் அந்தச் சான்று எங்களிடம் நிறுக்காது. 1 கொரிந்தியர் 3:11-15இல் வரும் நெருப்பு, பவுலும் அப்பொல்லோவும் போன்ற ஊழியரின் வேலையைச் சோதிப்பது என்று வாசிக்கிறோம்; மேலே 5ஆம் வசனத்தில் இருந்து படித்தால் அது விளங்கும். அங்கிலிக்கன் 39 பிரமாணங்களில் 22ஆவது உத்தரிக்கிற ஸ்தலத்தை மறுக்கிறது. 1784இல் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி அமெரிக்க மெதடிஸ்தருக்காக அந்தப் பிரமாணங்களைச் சுருக்கியபோதும் இதை விடாமல் வைத்தார். அதே வெஸ்லி, விசுவாசத்தில் மரித்தவர்களுக்காகப் பொதுவாய்ச் செபிப்பதை ஆதரித்தும் எழுதியிருக்கிறார். எங்கள் ஆட்களிலேயே பலருக்கு இது தெரியாது.

‘நாங்கள் விசுவாசத்தால், அவர்கள் கிரியையால்’ என்ற பேச்சையும் தயவுசெய்து விடுங்கள். இரட்சிப்பு முழுக்கக் கிருபையே என்று 1999 ஒக்ரோபர் 31இல் ஓக்ஸ்பூர்க்கில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கூட்டாகக் கையெழுத்திட்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்த சபை இணைந்தது. எபேசியர் 2:8, 9 சொல்கிறவர்கள் 10ஆம் வசனத்தையும் சொல்லவேண்டும். ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றைக்கும் இரட்சிப்பு’ என்பதும் வெஸ்லியின் போதனை இல்லை. விசுவாசத்தைக் கைவிட்டு விழலாம் என்றே அவர் எச்சரித்தார்.

தமிழில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய மொழிபெயர்ப்பில் லூக்கா 16:23இல் ஐசுவரியவான் இருப்பது பாதாளம், நரகம் அல்ல. வெளிப்படுத்தல் 20:14இல் அந்தப் பாதாளமே அக்கினிக்கடலில் தள்ளப்படுகிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் தீர்ப்புகளின் ஒழுங்கு குழம்பிவிடும்.

தெகிவளை வாசகர்:

இன்னொரு வாசிப்பும் உண்டு. ஏழாம் நாள் அட்வென்ரிஸ்ற் சபை, மரித்தவர் உயிர்த்தெழும் வரை உணர்வற்ற நித்திரையில் இருக்கிறார் என்று போதிக்கிறது (பிரசங்கி 9:5, யோவான் 11:11-14). துன்மார்க்கர் முடிவில் அழிந்துபோவார்கள், முடிவில்லாமல் வதைபட மாட்டார்கள் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை.

கொட்டாஞ்சேனை வாசகி:

மூவருக்கும் நன்றி ஐயா. சங்கடம் எங்கே என்று இப்போது விளங்குகிறது. நவம்பர் பலன் பற்றி யாராவது சொல்வீர்களா? எட்டு நாளுக்கும் எட்டுமுறை பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டுமோ? மெதடிஸ்தராய் மரித்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாமோ?

பங்குப் பணியாளர்:

எட்டுமுறை தேவையில்லை. நவம்பர் 1 முதல் 8 வரை ஒவ்வொரு நாளும் சேமக்காலைக்குப் போய், மனதுக்குள்ளாவது மரித்தோருக்காகச் செபித்தால், நாளுக்கு ஒரு பரிபூரண பலன். அது உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கு மட்டுமே. பாவசங்கீர்த்தனம் எட்டுக்கும் ஒன்று போதும், முன்பின் ஏறக்குறைய 20 நாளுக்குள் செய்யலாம். நற்கருணை மட்டும் ஒவ்வொரு பலனுக்கும் ஒருமுறை வேண்டும். பாப்பரசரின் கருத்துக்காகச் செபிப்பதும் அப்படியே. ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் போதும்.

கனபேருக்குப் பிழைப்பது நாலாவது நிபந்தனையில்: அற்பப் பாவத்தின்மேலும் பற்று இருக்கக்கூடாது. சோதனையே வரக்கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. விடமாட்டேன் என்று மனம்விரும்பிப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்று இருக்கக்கூடாது. கூடப்பிறந்தவரோடு இனிக் கதைக்கவே மாட்டேன் என்று வைராக்கியம் வைத்துக்கொண்டு மெழுகுதிரி ஏற்றினால் கிடைப்பது குறைபலன். இன்னொரு பிழை, 2ஆம் திகதி கோயிலில் ஒன்றும் சேமக்காலையில் ஒன்றும் என்று இரண்டு எண்ணுவது. நாளுக்கு ஒன்றுதான்.

குடும்பக் கல்லறைக்கே போகவேண்டும் என்ற விதி இல்லை. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ அடக்கம் செய்யப்பட்டவருக்காகப் பொரளை கனத்தைச் சேமக்காலையில் நின்று செபிக்கலாம். எங்கே அடக்கம் என்றே தெரியாதவர்களுக்காகவும் செபிக்கலாம். நம் ஆட்களில் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ. இதை அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

31ஆம் நாள் பூசை நம் வழக்கம். கிரகோரியார் பூசை வேறு: மரித்த ஒரே ஒருவருக்காக, தொடர்ந்து 30 நாள், நாளுக்கு ஒரு பூசை. அதற்குப் பெயர் கொடுக்குமுன் 30 நாளும் ஒப்புக்கொடுக்க முடியுமா என்று சுவாமியிடம் கேளுங்கள். ஞாயிறு பூசையில் பத்துப் பெயரோடு வாசிப்பது அந்தக் கணக்கில் சேராது. குரு எதிர்பாராமல் நோயில் விழுந்து ஒரு நாள் தவறினால் முதலில் இருந்து தொடங்கவேண்டியதில்லை, விட்டதை விரைவில் முடித்தால் சரி.

மெதடிஸ்தராய் மரித்தவருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம். உயிரோடு இருப்பவர், மரித்தவர் யாருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் குருவுக்கு உரிமை உண்டு (திருச்சபைச் சட்டம் 901). மெதடிஸ்த உறவினர் வந்து கூட இருக்கலாம். நற்கருணை வாங்குவது மட்டும் வழக்கமாக இல்லை. அதை முன்கூட்டியே மெதுவாகச் சொல்லிவையுங்கள், வரிசையில் வந்து திரும்பிப்போகிற நிலை வேண்டாம்.

இதைவிட முக்கியம் சாவுக்கு முன் செய்யவேண்டியது. ஆஸ்பத்திரியில் ஆள் நினைவோடு இருக்கும்போதே குருவைக் கூப்பிடுங்கள். ‘சுவாமி வந்தால் பயந்துபோவார்’ என்று பிந்துவதால்தான் கனபேர் பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் இல்லாமல் போகிறார்கள். மரித்தவருக்கு நோயில்பூசுதல் இல்லை. உயிர் போய்விட்டதா என்று சந்தேகம் இருந்தால் கொடுக்கலாம் (சட்டம் 1005), ஆகவே அந்த நேரத்திலும் தயங்காமல் கூப்பிடுங்கள். குரு வரமுடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் காதோரம் உத்தம மனஸ்தாப மந்திரத்தை (பாவத்துக்காக வருந்துகிற செபம்) ஆறுதலாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.

தகனத்துக்கு 1963 முதல் அனுமதி உண்டு. சாம்பலைக் கடலில் கரைக்கவோ தூவவோ கூடாது என்று 2016இல் வத்திக்கான் அறிவுறுத்தியது, சேமக்காலையில் வைக்கவேண்டும். கனத்தையில் தகனம் என்றால் சாம்பலுக்கு இடத்தையும் அன்றைக்கே ஒழுங்கு செய்யுங்கள்.

வெள்ளவத்தை உபதேசியார்:

ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் இரு பக்கமும் கூடிச் செபிக்க 130ஆம் சங்கீதம் பொருந்தும். அதில் இருவருக்கும் மறுப்பு வராது. பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் அது 129 என்று இருக்கும். இலக்கம்தான் வேறு, சங்கீதம் ஒன்றுதான்.