மறு: பண்டிட் – ‘ஆட்ட விளக்குநர்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

டிவியில் கால்பந்து ஆட்டங்களை அலசிக் காட்டுபவரை ஆங்கிலத்தில் ‘பண்டிட்’ (pundit) என்கிறார்களே, அதற்கு நம் கட்டுரையில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்பதுதான் பேச்சு. அண்ணன் முன்வைத்த ‘கால்பந்துப் பண்டிதர்’ எனக்கு ஒப்பவில்லை. தமிழில் பண்டிதர் என்றால் தமிழாசிரியரோ நாட்டு வைத்தியரோதான் நினைவுக்கு வருவார், டிவி ஸ்டுடியோவில் ஆஃப்சைடு கோடு போட்டுக் காட்டுபவர் வரமாட்டார். ‘வர்ணனையாளர்’ என்றே விட்டுவிடலாம் என்கிறார் தம்பி. அதுவும் போதாது.

நாம் எழுதும் கட்டுரை முன்னாள் இங்கிலாந்து கால்பந்து ஆட்டக்காரர் கேரி நெவிலைப் பற்றியது, அவரையே எடுத்துக்கொள்வோம். 2011இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடுவதை நிறுத்திவிட்டு ஸ்கை ஸ்போர்ட்ஸ் டிவிக்குப் போனார். 2012 ஏப்ரலில் பார்சிலோனாவுக்கு எதிராகச் செல்சியின் டோரஸ் தனியாக ஓடிப்போய்க் கோல் போட்டபோது மைக்கில் நெவில் நீளமாகக் கத்தினாரே, அது வர்ணனை. திங்கள் இரவு நிகழ்ச்சியில் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரரான ஜேமி காரகரோடு தொடுதிரை முன் நின்று, ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) எங்கே நின்றிருக்க வேண்டும், ஏன் முன்னே வந்து மாட்டிக்கொண்டார் என்று படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுவது வேறு வேலை. முதலாவதில் நடப்பதைச் சொல்கிறார், இரண்டாவதில் ஏன் நடந்தது என்று சொல்கிறார்.

அதனால்தான் ‘ஆட்ட விளக்குநர்’ என்கிறேன். இயக்குநர், பயிற்றுநர் வரிசையில் இயல்பாக உட்கார்கிறது. ஆட்ட விளக்கம், விளக்கத் திரை என்று கிளைக்கவும் செய்கிறது. ‘விமர்சகர்’ என்றால் குறை சொல்பவர் என்ற தொனி வந்துவிடும். ‘நுண்ணாய்வர்’ அழகான சொல்தான், ஆனால் பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிற நம் பெங்களூரு கௌதமபுரத்தில் மேட்ச் பார்க்கிற தமிழ்ப் பையன்கள் வாயில் நுழையாது. அவர்கள் சொல்லாத சொல்லை வைத்து என்ன செய்வது?

அப்புறம், கட்டுரையில் நெவில் குடும்பத்தைக் குறிக்கும் ‘விளையாட்டுக் குடும்பம்’ என்ற சொல். விளையாட்டுப் பிள்ளை என்று சொல்லிப் பழகிய நமக்கு இது பொறுப்பில்லாத குடும்பம் போலக் கேட்கிறது. கேரி இங்கிலாந்துக்காக 85 ஆட்டம், தம்பி ஃபில் 59. அப்பா நெவில் நெவில் லீக் கிரிக்கெட் ஆடியவர். ஃபிலோடு இரட்டையாகப் பிறந்த ட்ரேசி, கூடைப்பந்து போன்ற நெட்பால் ஆடி, பிறகு பயிற்றுநரானார். 2018 காமன்வெல்த் போட்டி இறுதியில் அவர் பயிற்றுவித்த இங்கிலாந்து அணி ஆஸ்திரேலியாவை 52-51 என்று வென்று தங்கம் வாங்கியது. இவர்களை ‘விளையாட்டு வீரர் குடும்பம்’ என்றால் ட்ரேசி வெளியே நின்றுவிடுகிறார். ‘ஆட்டக்காரர் குடும்பம்’ என்போம், ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும்.

நெட்பாலுக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். இலங்கைத் தமிழில் ‘வலைப்பந்தாட்டம்’ நன்றாகவே புழங்குகிறது. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இலங்கை அணிக்கு ஆடியது அந்த ஆட்டம்தான். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.

மைக்கில் வர்ணனையாளருக்குப் பக்கத்தில் அமர்பவரை ‘இணை வர்ணனையாளர்’ என்பதா, ‘துணை வர்ணனையாளர்’ என்பதா? நான் இணை பக்கம். நீங்கள்?

அன்புடன்,
பெங்களூருவிலிருந்து