அம்மாவுக்கு மனச்சோர்வு, மகள் உயரம் பாய்தல்: சிறுவர் நாவலுக்கு உதவி தேவை

பூவரசு:
10–12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதுகிறேன். களம் யாழ்ப்பாணம். 13 வயது மகள் உயரம் பாய்பவள், தாய்க்கு மனச்சோர்வு. மகள் பதக்கத்தோடு வர, தாய் எழும்பி வந்து கட்டிப்பிடிப்பதாக முடிவு. எங்கே பிழைக்கும்?

கிளினிக்கொப்பி:
அந்த முடிவிலதான். பதக்கம் தாயைச் சுகப்படுத்தினால், வீட்டில் இதே நிலை உள்ள பிள்ளை "நான் வெல்லாததாலதான் அம்மா இப்பிடி" என்று நினைக்கும். இந்தப் பிள்ளைகளிட்ட அந்தக் குற்ற உணர்ச்சி ஏற்கெனவே கிடக்கு.

எந்நேரமும் அழுகிற தாயாகவும் காட்டாதேங்கோ. எங்கட பக்கம் தலையிடி, உடம்பு நோ, சாப்பிட மனமில்லை என்றுதான் முதலில் வெளிவரும். விடிய 3, 4 மணிக்கே முழிப்பு வந்திடும். பலருக்குக் காலைதான் ஆக மோசம், பின்னேரம் கொஞ்சம் தெளியும். பள்ளிக்கூடம் போகேக்க சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த தாய், பயிற்சி முடிஞ்சு வரேக்க தேத்தண்ணி போட்டு வைச்சிருப்பா. பிள்ளை குழம்புறது அங்கதான், அதை விரிச்சு எழுதுங்கோ.

குளிசை தொடங்கி 2–4 கிழமைக்குப் பிறகுதான் மாற்றம் தெரியும். முதல் நாள்களில் வயிற்றைப் பிரட்டலாம், அதோட பலர் விட்டுவிடுவினம். சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் எடுக்கவேணும்.

வளைவோட்டம்:
1958 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்த ஊர்ப்பிள்ளை என்பதை மகள் அறிந்திருப்பாள், ஒரு வரி போதும்.

பாய்ச்சலில் நுணுக்கம் வேணும். ஓட்டம் 8–10 காலடி, கடைசி நாலைந்து காலடி வளைவு. நித்திரை குறைந்தால் காலடி சுருங்கும். வழமையான குறியில் தொடங்கினாலும் தடிக்குத் தூரத்திலேயே எழும்புவாள், உச்சம் முன்னாலேயே முடிஞ்சு, இறங்கேக்க இடுப்பு தடியில் படும். வீட்டு இரவுகளை நீங்கள் சொல்லத் தேவையில்லை, இதைக் கண்டு பயிற்றுநர் "நேற்று நித்திரை கொண்டியா?" என்று கேட்டால் காணும். மெத்தை இல்லாத மணற்குழியில் மல்லாந்து பாய விடாதேங்கோ, கழுத்துக்கு ஆபத்து. அங்க கத்தரிப் பாய்ச்சல்தான், கால்களை ஒன்றன்பின் ஒன்றாய்த் தடிக்கு மேலால வீசிக் காலில் இறங்குறது.

பூவரசு:
அப்ப முடிவை எப்படி வைக்கலாம்?

வளைவோட்டம்:
தொடர்ந்து மூன்று தரம் தவறினால் வெளியே. முதலாம் இடக்காரியும் பெரும்பாலும் அப்படித்தான் போட்டியை முடிப்பாள். தான் இதுவரை பாய்ந்த உயரத்தைக் கூட்டிக்கொண்டு, அடுத்ததில் மூன்றும் தவற விடுங்கோ.

கிளினிக்கொப்பி:
தாய் அண்டைக்கு மைதானத்துக்கு வராமலே இருக்கட்டும். ஆனால் அதற்கு முதல் யாராவது பெரியவர் பிள்ளையிட்ட நேராய்ச் சொல்லவேணும்: இது வருத்தம், உன்னால வந்ததில்லை, சுகப்படுத்துறது உன்ர வேலையுமில்லை. கடைசிப் பக்கத்தில் 1926, தேசிய மனநல உதவி இலக்கம், போடுங்கோ.